கூரை மேல் ஏறிப் பார்த்தால்

சென்னையின் விக்டோரியா காலக் கட்டடங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கென்றே கட்டப்பட்டவை. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் குவிமாடங்கள், சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டு, செனட் ஹவுஸின் நான்கு மூலைக் கோபுரங்கள் எல்லாமே பார்ப்பவரின் கழுத்தை வலிக்க வைப்பவை. பழுது பார்க்க வரும் கொத்தனாருக்கு அந்தக் கோணம் உதவாது. அவர் வந்ததும் நேரே மொட்டை மாடிக்கு ஏறுகிறார். தண்ணீர் எங்கே தேங்குகிறது, வாட்டம் எந்தப் பக்கம் போகிறது, அரசங்கன்று எந்த வெடிப்பில் வேர்விட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

நானும் அந்த வழியிலேயே போனேன். சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு பழைய தோட்ட வீடு. தூண் வைத்த முகப்பு, குதிரை வண்டி வந்து நிற்பதற்கான போர்ட்டிகோ, சாய்வுப் பட்டைகள் அடித்த பச்சை ஜன்னல்கள். விக்டோரியா ராணியின் கடைசிக் காலத்தில் கட்டியது என்று வீட்டார் சொல்கிறார்கள். பெரிய கூடத்தின் கூரையில் பாதியைப் பிரித்துப் பழைய முறைப்படியே திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தென் மாவட்டத்திலிருந்து வந்த மேஸ்திரி ஒருவர், சில கொத்தனார்கள், அவர்களைவிட அதிகமாகச் சித்தாள்கள்.

அந்த முறைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். சுவருக்குச் சுவர் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள் ஓடும். அவற்றின் மேல் அச்சிக்கல்: ஏறத்தாழ 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் உள்ள மெல்லிய செங்கல். இதைப் படுக்க வைப்பதில்லை. விளிம்பில் நிறுத்தி, கட்டைகளின் மேல் மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறார்கள். அடியில் பலகையும் கிடையாது, முட்டும் கிடையாது. கல்லின் ஒரு முகத்தில் சாந்தைத் தடவி, முந்தைய கல்லோடு அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்திருந்து கையை எடுக்கிறார் கொத்தனார். இரண்டு கட்டைகளுக்கு நடுவே, கீழே வெறும் காற்றை வைத்துக்கொண்டு, அந்தக் கல் நிற்கிறது.

“நிக்கிறது கையால இல்ல சார், சாந்தால. சாந்து சரியா அமைஞ்சா புது ஆளு வெச்சாலும் கல்லு நிக்கும்” என்றார் மேஸ்திரி. அவருடைய வேலைக்காரர்களில் புது ஆள் என்று யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

சாந்து தயாராகும் இடம் பின்கட்டு. சிமெண்ட் மூட்டையைப் பிரித்து அன்றே பூசிவிடுகிற அவசரம் அங்கே செல்லாது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ 900 டிகிரி அளவுக்குச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் பட்டதும் அது கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கிடக்க விடுகிறார்கள். நாளாக ஆக வெண்ணெயாகக் குழைகிறது. பிறகு மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைக்க வேண்டும். முன்பு வட்டமான கல் பள்ளத்தில் மாடு பூட்டி உருளையை இழுக்க வைத்தார்கள், இப்போது மோட்டார் இழுக்கிறது. சுவரில் பூசியபின் அதே சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. அது வருடக்கணக்கில் நடக்கும் வேலை.

பக்கத்து பிளாஸ்டிக் பீப்பாய்களில் நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. மேலே நுரை, கிட்டப் போனால் புளித்த வாடை. இந்த ஊறலை ஊற்றிக் குழைத்தால் சாந்துக்குத் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். தண்ணீர் குறைந்தால் காயும்போது வெடிப்பும் குறையும். எதற்கு எவ்வளவு என்று எழுதிவைத்த கணக்கு மேஸ்திரியிடம் இல்லை. கரணையில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்து, விழுகிற விதத்தைப் பார்த்து, இன்னும் அரை பாண்டு மணல் போடச் சொல்கிறார்.

பழைய கட்டடம் என்றதும் எல்லோரும் முட்டைக் கதைக்கு வந்துவிடுவார்கள். முழுக் கட்டடத்தையும் முட்டையில் குழைத்துக் கட்டினார்கள் என்பதுபோலச் சொல்வார்கள். வெள்ளைக்கருவின் இடம் மிகச் சிறியது. மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு என்று பெயர் பெற்ற அந்த மெருகில், மேலே வருகிற கடைசி மெல்லிய படலத்தில்தான் வெள்ளைக்கரு, தயிர், நெய், மாக்கல் தூள் எல்லாம் சேரும். அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்து இறங்கியவர்கள் மெட்ராஸின் சுவர்களைப் பளிங்குக்கு நிகர் என்று வியந்து எழுதியது அந்த மெருகைப் பார்த்துத்தான். விக்டோரியா காலத்தில் ரசனை மாறிற்று. செங்கல்லை மறைக்கக் கூடாது, சிவப்பு சிவப்பாகவே தெரிய வேண்டும் என்று ஆயிற்று. உயர் நீதிமன்றமும் விக்டோரியா பப்ளிக் ஹாலும் அந்த மாற்றத்தின் பிள்ளைகள்.

அந்தக் கட்டடங்களைப் பற்றிய பேச்சு இரண்டு பெயர்களைச் சுற்றியே வரும். ராபர்ட் சிஷோம் 1860-களில் வடிவமைப்புப் போட்டியில் வென்று மெட்ராஸில் நிலைத்தார். மாநிலக் கல்லூரி, 1879-இல் முடிந்த செனட் ஹவுஸ், விக்டோரியா பப்ளிக் ஹால், திருவனந்தபுரத்தின் நேப்பியர் மியூசியம் எல்லாம் அவர் கை. ஹென்றி இர்வின் 1892-இல் உயர் நீதிமன்றத்தையும் 1896-இல் கன்னிமாரா நூலகத்தையும் முடித்தார். இருவரும் திறமைசாலிகள், சந்தேகமில்லை. ஆனால் சிஷோம் எங்கே பாடம் படித்தார் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கதை நிறைவாகும். நேப்பியர் பிரபு கவர்னராக இருந்தபோது மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கும் வேலை சிஷோமிடம் வந்தது. 1636-இல் செங்கல்லும் சுதையுமாக எழுந்த மகால் அது. அங்கே சாரத்தில் நின்ற கொத்தனார்களிடமிருந்து அவர் கற்றது நிறைய இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அவர்கள் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை.

பெயர் கிடைக்கிற ஒருவர் ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. உயர் நீதிமன்றம், கன்னிமாரா நூலகம், விக்டோரியா பப்ளிக் ஹால் மூன்றையும் கட்டி முடித்தவர் அவரே. சேத்துப்பட்டின் பெரும்பகுதி அவர் வசமிருந்தது. கணிதமேதை ராமானுஜன் 1920-இல் உயிர் விட்டதும் செட்டிக்குச் சொந்தமான வீடொன்றில்தான். லண்டன் பாணி என்றும் முகலாய பாணி என்றும் பெயர் சூட்டப்பட்ட இந்தக் கட்டடங்களின் சதை பெரும்பாலும் இங்கத்தியது: இந்த ஊர்ச் சூளைச் செங்கல், இந்தக் கரையின் கிளிஞ்சல். தேக்கு மட்டும் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. உயர் நீதிமன்ற நடைகளில் போகிறவர்கள் வண்ணக் கண்ணாடியைப் பார்த்த கையோடு தலைக்கு மேலிருக்கும் செங்கல் வளைவையும் ஒருமுறை பார்க்கலாம். 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கைச் சுமந்த கோபுரம் அந்தக் கட்டடத்தினுடையது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டுகளில் ஒன்று அந்த நீதிமன்றத்தின் மதிலைத்தான் பதம் பார்த்தது.

சேத்துப்பட்டுக் கூரையில் அச்சிக்கல் வரிசை இறுகியதும் அடுத்த கட்டம் பெண்களுடையது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்குக் கொட்டிப் பரப்பினார்கள். அதன் மேல் சித்தாள்கள் வரிசையாகக் குந்தி, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் அடிக்கத் தொடங்கினார்கள். இடையிடையே ஒருத்தி கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே நகர்கிறாள். அன்றும் அடித்தார்கள், மறுநாளும் அடித்தார்கள். முதலில் கட்டை கலவைக்குள் புதைகிறது. போகப் போக எகிறி மேலே வருகிறது. எகிறும் சத்தம் கூரை முழுக்க ஒரே மாதிரி கேட்க வேண்டும்.

“அந்த மூலைல இன்னும் மெத்துன்னு கேக்குது பாரு” என்று மேஸ்திரி திரும்பாமலேயே சொன்னார். “கேக்குதுண்ணே, அங்கதான் போறோம்” என்றார் வயதில் மூத்த சித்தாள்.

கூரை ஒழுகாமல் இருப்பது இந்த அடியில்தான் தீர்மானமாகிறது. மேலே இரண்டு அடுக்குத் தட்டோடு ஒட்டி வாட்டம் விடுவது அதற்கப்புறம். கூலியோ கொத்தனாருக்குத் தருவதைவிட இந்தப் பெண்களுக்குக் குறைவு. பாரம்பரியக் கைவினை என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் கரணை பிடித்த கையைப் பற்றிப் பேசுகிறார்கள்; கட்டை பிடித்த கை அந்தப் பேச்சில் வருவதேயில்லை. எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

பிரித்துப் போட்ட பழைய கூரையின் துண்டுகள் தோட்டத்தில் குவிந்து கிடந்தன. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கெட்டியான படலம்: எப்போதோ ஒழுகியபோது யாரோ போட்ட சிமெண்ட். கெடுதலின் ஆரம்பம் அதுதான் என்று மேஸ்திரி காட்டினார். சுண்ணாம்புச் சுவரும் கூரையும் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் உள்ளே போன ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல்லுக்குள் திரிந்து, காயும் இடத்தில் உப்பாகப் பூக்கிறது. செங்கல்லின் முகம் பொடியாக உதிர்கிறது. சுவருக்குள் சொருகிய தேக்குக் கட்டையின் நுனி, ஈரத்தில் ஊறி உளுத்துப் போகிறது. வெளியே பார்த்தால் சிமெண்ட் பூச்சு புத்தம் புதிதாக நிற்கும்.

பல பொதுக் கட்டடங்களிலும் இதே கதைதான். ஒழுகல் என்றால் சிமெண்ட், அதன் மேல் பெயின்ட். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பொதுப்பணித் துறைக்கே பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. 2012-இல் தீப்பிடித்துக் கூரை போன சேப்பாக்கம் கலச மஹாலைத் திரும்ப எழுப்பியபோது சுண்ணாம்பும் கடுக்காயும்தான் பயன்பட்டன. அதற்கு மாறாக அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் நிற்கிறது. 1897-இல் எழுந்த சிவப்புச் செங்கல் மாளிகை அது. 2006-இல் இடிக்கத் தொடங்கினார்கள். வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு நகரின் பாரம்பரியக் கட்டடங்கள் பலவற்றுக்கும் காவலானது. கட்டடம் முழுதாக இடிபடவில்லை, நெடுநாள் பழுது பார்க்கப்படவுமில்லை. ஆண்டுக்கணக்கில் மரம் முளைத்துக் கிடந்தது. இடிக்காதே என்று சொல்ல ஒரு தீர்ப்பு போதும். கூரையைக் காப்பாற்ற ஆளும் சுண்ணாம்பும் வேண்டும்.

ஆள் கிடைப்பது அருமையாகிவருகிறது என்று மேஸ்திரி குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வேலை இருந்தால் ஆள் வருவான் என்றார். செட்டிநாட்டு வீடுகளிலும் கோயில் திருப்பணிகளிலும் சுண்ணாம்பு வேலை விட்டுப்போகவில்லை. அங்கே பழகியவர்கள் இங்கே வருகிறார்கள். அவருடைய கவலை எல்லாம் மரம். கட்டைகளில் மூன்றை மாற்றியாக வேண்டும். அந்தக் கனத்தில் விளைந்த தேக்கு புதிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். இதே காலத்து வேறொரு வீடு இடிபட்டால்தான் இந்த வீட்டுக்குக் கட்டை வரும்.

மத்தியானம் கடையிலிருந்து போன் வந்தது. புரசைவாக்கத்தில் ஒரு வீட்டைப் பிரிக்கிறார்கள், கட்டைகள் இருக்கின்றன, ஆனால் நீளம் அரை அடி குறைகிறது. மேஸ்திரி டேப்பை எடுத்துச் சுவரை மறுபடி அளந்தார். கருங்கல் தாங்கி வைத்தால் அரை அடியைச் சரிக்கட்டிவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். ஐப்பசி மழைக்கு முன் இந்தப் பாதியை மூடிவிடுவதாகவும், மீதியைப் பொங்கல் கழித்துத் தொடுவதாகவும் பேசி முடித்தார்கள். பின்னேரம் அவர் மரக்கடைக்கு முன்பணத்தோடு கிளம்பினார்.