'மனமடி' எங்கே இருக்குங்க?

அமெரிக்காவில் பரம்பரை தேடுறது பெரிய பொழுதுபோக்கு. அதிலும் ஜெர்மனியில் இருந்து போன குடும்பங்கள் இதில் கில்லாடிங்க. அதுக்குக் காரணமும் இருக்கு. ஹாம்பர்க் துறைமுகத்தில் 1850ல இருந்து 1934 வரைக்கும் கப்பல் ஏறினவங்க பட்டியல் இன்னும் பத்திரமா இருக்கு. அதுல சொந்த ஊர்ப் பேர் கிடைச்சுட்டா அடுத்தது அந்த ஊர் சர்ச். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் அங்கே பதிவேடு. பண்ணையில மாடு மேய்ச்சவனா இருந்தாலும் தலையில தண்ணி ஊத்தின அன்னிக்கே ஏட்டுல பேர் ஏறிடும். அந்த ஏட்டைப் பிடிச்சுக்கிட்டு ஏழெட்டுத் தலைமுறை பின்னாடி போறவங்க இருக்காங்க.

நம்ம பக்கத்துல இருந்து கப்பல் ஏறினவங்க கதை வேற. செங்கல்பட்டுக்காரனான எனக்கு இது தெரிய வந்ததே ஒரு மின்னஞ்சலால்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் இருந்து ஓர் அம்மா எழுதியிருந்தாங்க. ரிட்டயர்டு டீச்சர். நண்பரோட நண்பர் மூலமா என் முகவரி கிடைச்சதாம். "நீங்க செங்கல்பட்டுன்னு சொன்னாங்க. என் கொள்ளுத்தாத்தாவோட அப்பாவும் செங்கல்பட்டுதான். அவர் ஊர் பேர் மனமடி. அது எங்கே இருக்குன்னு சொல்ல முடியுமா?" இவ்வளவுதான் விஷயம். கூடவே பட்டியலில் இருந்து ஒரே ஒரு வரியையும் அனுப்பியிருந்தாங்க.

அந்த வரி எங்கிருந்து வந்ததுன்னு முதல்ல சொல்லிடறேன். 1860 அக்டோபர் 12ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையில் இருந்து கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போன முதல் கப்பல் அது. அன்னிக்கு ஆரம்பிச்சு 1911 வரைக்கும் 384 கப்பல் பயணங்கள். நேட்டாலுக்குப் போனவங்க 1,52,184 பேர். ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு சென்னையில் கப்பல் ஏறினவங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் கூலி, அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்கும் திரும்பாம, மறு ஒப்பந்தமும் போடாம அங்கேயே இருக்கறவங்களுக்கு வருஷம் மூணு பவுன் வரின்னு 1895ல சட்டம் போட்டாங்க. 1913ல பெரிய வேலைநிறுத்தம் நடந்து 1914லதான் அந்த வரி ஒழிஞ்சது.

இந்த ஒண்ணரை லட்சம் பேருக்கும் ஆளுக்கு ஒரு நம்பர், ஆளுக்கு ஒரு வரி. பேர், அப்பா பேர், வயசு, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் அடையாளம். டர்பனில் க்வாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தக் கப்பல் பட்டியல்கள் இருக்கு. அந்த ஊர்த் தமிழர்கள் தாத்தா பேரைத் தேடறதும் அழறதும் சிரிக்கறதும் அதை வெச்சுத்தான்.

அந்தம்மா அனுப்பின வரியில் 1880களில் போன இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தர். இடது முழங்காலில் தழும்பு. (பேரை இங்கே போடலை, அது அவங்க குடும்ப விஷயம்.) "எங்களிடம் அவர் போட்டோ கிடையாது. ஆனா முழங்காலில் தழும்பு இருக்கறது மட்டும் தெரியும்"னு எழுதியிருந்தாங்க. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

சரி, ஊருக்கு வருவோம். 'மனமடி'ன்னு ஓர் ஊர் நம்ம பக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லை. சென்னையில் உட்கார்ந்துக்கிட்டு காதுல விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதின குமாஸ்தாவுக்கு ன, ண வித்தியாசம் கிடையாது. குறில் நெடில் கிடையாது. 'த'வும் 'ட'வும் ஒண்ணுதான். அதனால நான் செஞ்சது ஒரே ஒரு வேலை. அந்தப் பேரைச் சத்தம் போட்டு பத்துத் தடவை வேற வேற மாதிரி சொல்லிப் பார்த்தேன். வீட்ல ஒரு மாதிரி பார்த்தாங்க :-)

மூணு ஊர் சிக்கினது. ஒண்ணு, திருப்போரூர் பக்கம் மானாமதி. ரெண்டு, உத்திரமேரூர் பக்கம் மானாம்பதி. மூணு, மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல மணமை. மூணுமே பழைய செங்கல்பட்டு ஜில்லா.

இந்த 'பழைய செங்கல்பட்டு ஜில்லா' விஷயம் முக்கியம். வெளிநாட்டில் இருந்து தேடறவங்க 'சிங்கிள்புட்'னு பார்த்ததும் இன்னிக்கு மேப்புல இருக்கற செங்கல்பட்டு மாவட்டத்தைத் திறந்து வெச்சுக்கறாங்க. அது 2019 நவம்பர்லதான் காஞ்சிபுரத்தில் இருந்து தனியா வந்தது. அதுக்கு முன்னாடி 1997ல திருவள்ளூர் பிரிஞ்சது. வெள்ளைக்காரன் காலத்து ஜில்லான்னா வடக்கே பொன்னேரியில் இருந்து தெற்கே மதுராந்தகம் வரைக்கும் ஒரே ஜில்லா. கலெக்டர் ஆபீஸ் ரொம்ப காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. பொன்னேரிக்காரர் கொள்ளுப்பேரன் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க.

பட்டியலில் தாலுகா கட்டமும் சரியாப் படிக்க முடியலை. அப்போ மூணு ஊர்லயும் தேடறதைத் தவிர வழியில்லை. கிராம நிர்வாக அலுவலரா இருந்து ரிட்டயர் ஆன நண்பர் ஒருத்தரைப் பிடிச்சேன். பழைய நிலப் பதிவேடு, 'அ' பதிவேடு இதெல்லாம் பார்க்கலாமான்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு என் கையில் இருந்த தாளை வாங்கி சாதிக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இதைப் பார்த்தியா? பறையர்னு இருக்கு. அந்தக் காலத்துல இவங்க பேர்ல நிலம் இருந்திருக்கணும், பட்டா இருந்திருக்கணும். அப்பத்தான் நம்ம ஏட்டுல பேர் வரும். யாருக்கு இருந்தது? ஏர் ஓட்டினது அவங்க. ஏட்டுல இருந்தது மிராசுதார்."

அங்கேதான் எனக்கு உறைச்சது. ஜெர்மன்காரருக்குச் சர்ச் ஏடு. நம்மகிட்ட ஏடு இல்லாம இல்லை, வேண்டிய மட்டும் இருக்கு. யாரோட பேர் அதுல ஏறும்ங்கறதுதான் கேள்வி. மானாம்பதியில் இருந்து கொஞ்ச தூரம் போனா உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டு. குடவோலைத் தேர்தல்னு பாடப்புத்தகத்தில் பெருமையா படிச்சோமே, அதேதான். ஓலையில் பேர் எழுதணும்னா என்ன தகுதி? கால்வேலிக்கு மேல வரி கட்டற நிலம், சொந்த மனையில் வீடு. மணமையில் இருந்து தெற்கே போனா சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக் கோட்டைக்குள்ள கல்லறைகள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கிருந்தோ வந்து இங்கே செத்துப்போனவங்க பேரும் தேதியும் பூ வேலைப்பாட்டோட கல்லுல செதுக்கியிருக்கு. இன்னிக்கும் விரல் வெச்சுப் படிக்கலாம். பக்கத்து ஊர்லயே பிறந்து வளர்ந்து உழுது அறுத்தவன் பேர் எங்கேயும் இல்லை. அவனை முதன்முதலா பேர், அப்பன் பேர், ஊர், தழும்பு வரைக்கும் எழுதி வெச்சது அவனைக் கூலியா ஏத்திக்கிட்டுப் போன கப்பல்தான். அதுவும் ஆள் ஓடிப்போனா பிடிக்கறதுக்கு வசதியா.

1891ல செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் இந்த ஜில்லாவின் பறையர்கள் நிலைமை பத்தி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கற மனைகூட அவங்களுக்குச் சொந்தமில்லைங்கறது அதுல முக்கியமான விஷயம். அதன் பேரில்தான் 1892 அரசாணை வந்து, பஞ்சமி நிலம்னு நாம சொல்றது ஆரம்பமானது. நம்ம பையன் அதுக்கு முன்னாடியே கப்பல் ஏறிட்டார். அந்த நிலமும் பல இடத்தில் கைமாறிப் போனது தனிக் கதை. மாமல்லபுரத்துக்கு வடமேற்கே காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலைன்னு ரெண்டு பேர் செத்தாங்க. நூறு வருஷத்துக்கு அப்புறமும் அதே நிலம்.

இப்போ எனக்கு ஒரு தர்மசங்கடம். அந்தம்மாகிட்ட அந்தச் சாதிக் கட்டத்தைப் பத்தி எப்படிப் பேசறது? இங்கிலீஷ்ல அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஒரு டீச்சருக்குத் தெரியாம இருக்குமா? நான் தயங்கிக்கிட்டே இருக்கும்போது அவங்களே கேட்டுட்டாங்க. "எங்க வீட்ல நாங்க வேற சாதின்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. தம்பி, இந்த வார்த்தை திட்டா, பேரா?"

பதிலுக்கு நான் இரட்டைமலை சீனிவாசன் பத்தி எழுதினேன். அவரும் செங்கல்பட்டு ஜில்லா, கோழியாளம்தான் ஊர். மத்தவங்க வசவா சொன்ன அதே வார்த்தையை எடுத்து 1893ல 'பறையன்'னு பத்திரிகைக்கே பேரா வெச்சார். அதுமட்டுமில்லை, 1900களின் ஆரம்பத்தில் தென்னாப்பிரிக்கா போய் அங்கே கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரா வேலை பார்த்தார். நம்ம பையனுக்கு இருபது வருஷம் பின்னாடி, அதே ஜில்லாவில் இருந்து. ஒருத்தர் கைநாட்டு, ஒருத்தர் படிப்பாளி. இதைப் படிச்சுட்டு அந்தம்மா ஒரு வாரம் எழுதலை. எட்டாவது நாள் வந்தது: "டிக்கெட் போட்டுட்டேன். ஜனவரியில் வர்றேன். சாதியைக் கேட்டா நானே சொல்லிக்கறேன், நீங்க சங்கடப்படாதீங்க."

வந்தாங்க. எழுபதைத் தாண்டின வயசு, நேரான முதுகு. தமிழ்ல ஆயா, தாத்தா, ரசம், சாம்பிராணி இப்படி ஒரு முப்பது வார்த்தை தெரியும். மூணு ஊருக்கும் போனோம். அங்கே எங்க குடும்பம் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கும்னாங்க. நம்ம தெருக்கூத்தை அங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்'னு சொல்றாங்களாம்! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஆனா துப்பு துலங்கலை. தீமிதியும் பாரதக் கூத்தும் செங்கல்பட்டு, ஆற்காடு முழுக்க எந்த ஊர்ல இல்லை?

மூணுல ஒரு ஊர்ல டீக்கடையில் விசாரிச்சோம். விஷயத்தைக் கேட்டதும் நாலு பேர் கூடிட்டாங்க. எல்லாருக்கும் ஒரே உற்சாகம். ஃபாரின்ல இருந்து நம்ம ஊரைத் தேடி வந்திருக்காங்களே! ஒரு பெரியவர் மெதுவா என்கிட்ட கேட்டார், "எந்தத் தெரு தம்பி, ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா கேள்வியைப் புரிஞ்சுக்கிட்டாங்க. எப்படித்தான் புரிஞ்சதோ. "காலனி"ன்னு சொன்னாங்க. அந்த முப்பது வார்த்தையில் அது கிடையாது, அன்னிக்குத்தான் கார்ல கத்துக்கிட்டது. கூட்டம் அப்படியே கலைஞ்சது. யாரும் மரியாதைக்குறைவா ஒண்ணும் சொல்லலை. டீக்குக் காசுகூட வாங்கமாட்டேன்னாங்க. ஆனா கலைஞ்சது.

காலனியில் ஒரு பாட்டி இருந்தாங்க. எங்க பாட்டனுக்கு அண்ணன் ஒருத்தன் மோரீசுக்குப் போனான்னு சொல்லுவாங்க, இவங்க அவங்க வழியான்னு கேட்டாங்க. இல்லை, வேற தேசம்னேன். "எந்தத் தேசமா இருந்தா இன்னா, போனவன் வூட்டுப் பொண்ணுதானே. ஒக்காரு கண்ணு"ன்னு பாய் விரிச்சாங்க. அந்தம்மா அந்தப் பாட்டியோட முழங்காலையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நானும்தான். தழும்பு ஒண்ணும் பரம்பரையா வராதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

மூணுல எதுன்னு இன்னிக்கு வரைக்கும் முடிவாகலை. தாலுகா கட்டத்தைத் தெளிவா ஸ்கேன் பண்ணி அனுப்பறதா அந்தம்மா சொல்லியிருக்காங்க. ஒருவேளை அதுல விடை இருக்கலாம்.

இதுக்குள்ள உங்களுக்கும் யாராவது டர்பன், மொரீஷியஸ், ஃபிஜியில் இருந்து எழுதினா உதவட்டும்னு, கத்துக்கிட்டதைச் சொல்லி வெக்கறேன். ஊர்ப் பேரைக் கண்ணால படிக்காதீங்க, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. ஜில்லா பேரைப் பார்த்தா அந்த வருஷத்து எல்லையைத் தேடுங்க. அவங்க குடும்பப் பேரை நம்பி சாதி முடிவு பண்ணாதீங்க, அங்கே பலருக்கு அப்பா பேர்தான் குடும்பப் பேரா நின்னுடுச்சு. நிலப் பதிவேட்டில் இல்லைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. ஊர்ல விசாரிக்கும்போது ஊரோட நிறுத்தாம காலனிக்கும் போங்க. முதல்ல அங்கே போனாலும் தப்பில்லை.

மானாமதி, மானாம்பதி, மணமை. இந்த மூணு ஊர்ப் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா, வீட்ல வயசானவங்ககிட்ட 1880கள்ல கடல் தாண்டிப் போனவங்க கதை ஏதாவது இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க. அப்படியே உங்க ஆயாவோட அப்பா பேரையும் கேட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சுடுங்க. எனக்குத் தெரியலை, எங்க அத்தையைக் கேட்டுத்தான் எழுதினேன்.