கடல் வற்றும் ஊரில் ஒரு வருடம்

வுல்ஃப்வில் துறைமுகத்துக்குக் கடல் ஒரு நாளில் இரண்டு தரம் வரும், இரண்டு தரம் போய்விடும். வற்றின நேரம் பார்த்தால் சிவந்த சேறு மட்டும்தான் கிடக்கும். ஆறு மணித்தியாலம் கழித்துப் போனால் அதே இடத்தில் தண்ணீர் கரைமுட்ட நிற்கும். நோவா ஸ்கோஷியாவில், ஃபண்டி விரிகுடாவின் உள்பக்கமாக இருக்கிற மைனாஸ் குடாவின் ஓரத்தில் இருக்கிற ஊர் இது. உலகத்திலேயே பெரிய கடற்பெருக்கு இந்தக் குடாவில்தான். சில இடங்களில் நீர்மட்டம் 16 மீற்றர் வரை ஏறி இறங்கும். ஊரின் சனத்தொகை ஏறத்தாழ 5,000.

பக்கத்து கென்ற்வில்லில் மனைவிக்கு வேலை கிடைத்ததால் ஸ்காபரோவை விட்டு இங்கே வந்தோம். எனக்கு மென்பொருள் வேலை, லப்டொப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. வந்து ஒரு வருடமாகிறது. "சின்ன ஊர் சரிவருமா?" என்று கேட்கிற நண்பர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் வீட்டுக் காரியங்கள். குடும்ப வைத்தியருக்கும் டே கேருக்கும் வீடு பார்க்கிற நாளிலேயே பெயரைப் பதிந்துவிடுங்கள். இரண்டுக்கும் வரிசை நீளம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், அரிசிமா எல்லாவற்றுக்கும் ஹலிஃபக்ஸ்தான், காரில் ஒரு மணித்தியாலம். மாதம் ஒருக்கால் போய் வாங்கி ஃப்ரீசரை நிரப்பிவிடுவோம். பழைய ரயில் நிலையத்தில் இருக்கிற நூலகமும், பழைய அப்பிள் களஞ்சியத்தில் நடக்கிற சனிக்கிழமைச் சந்தையும்தான் எங்களுக்கு ஆட்களைப் பழக்கின இடங்கள். மூன்றாம் கிழமையே சந்தையில் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பயம் இருந்தது வேறு விசயத்தில். ஸ்காபரோவில் அம்மம்மா வீடு பத்து நிமிசம். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, பிறகு கோயில், பிறகு மச்சாள் வீடு. பிள்ளைகளுக்குத் தமிழ் அப்படியே காதில் விழும். இங்கே அவர்கள் கேட்கிற தமிழ் எங்கள் இரண்டு பேரின் வாயில் இருந்து வருவது மட்டும்தான். என்னைப் போல இங்கேயே வளர்ந்தவர்களின் தமிழ் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிடு, குளி, படு, சப்பாத்தைப் போடு. வீட்டு வாசலைத் தாண்டினால் ஆங்கிலம்.

அந்த வாசலைத் தாண்ட வைத்தது கடல்தான். "தண்ணி எங்கை போனது?" என்று மகள் கேட்டாள். அப்பாவுக்குப் போன் எடுத்தோம். அவர் வடமராட்சி ஆள். "வத்துக்குப் போட்டுது, ராசாத்தி. பிறகு பெருக்கு வரும்," என்றார். வற்று, பெருக்கு. இரண்டு சொல்லும் அன்றைக்கே வீட்டுக்குள் வந்துவிட்டன. ஏன் இங்கே மட்டும் இவ்வளவு பெரிய பெருக்கு என்பதை ஊஞ்சலை வைத்துச் சொன்னேன். ஊஞ்சல் வருகிற நேரம் பார்த்துத் தள்ளினால் உயரப் போகும். இந்த விரிகுடாவின் தண்ணீர் ஆடுகிற வேகமும் கடல் அதைத் தள்ளுகிற பன்னிரண்டரை மணித்தியாலக் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன.

இலையுதிர்காலத்தில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர்களைப் பக்கத்தில் இருக்கிற கிராண்ட் பிரேக்குக் கூட்டிப் போனோம். இது மிக்மாக் மக்களின் நிலம். 1680களில் இங்கே குடியேறிய பிரெஞ்சு மொழி பேசுகிற அக்கேடியர்கள், கடல் ஏறி இறங்கிய சேற்று நிலத்தைச் சுற்றி மண் அணை கட்டினார்கள். அணைக்கு அடியில் மரக் குழாய், அதற்குள் ஒரு கதவு. பெருக்கு வந்தால் கடல் தள்ளிக் கதவு மூடிக்கொள்ளும். வற்றினால் உள்ளே நிற்கிற மழைத்தண்ணீர் அதைத் திறந்துகொண்டு வெளியே போகும். உப்புக் கழுவுப்பட இரண்டு மூன்று வருடம் எடுக்கும். பிறகு பயிர் செய்யலாம். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்கட தொண்டைமானாத்துக் கதவு மாதிரியெல்லோ," என்றார். கடல்நீர் உள்ளே ஏறாமல் மறிக்கிற அந்தக் கதவுகளைப் பற்றி முப்பது வருடத்தில் அவர் என்னோடு கதைத்ததே இல்லை. அன்றைக்குப் பேத்திக்கு முழுக்கச் சொன்னார்.

அதே இடத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1755 செப்ரெம்பர் 5ஆம் திகதி, பிரித்தானியப் படை அக்கேடிய ஆண்களைத் தேவாலயத்துக்குக் கூப்பிட்டு, எல்லாரையும் நாடு கடத்தப்போவதாக அறிவித்தது. கிராண்ட் பிரே பகுதியில் இருந்து மட்டும் ஏறத்தாழ 2,200 பேர். வீடுகளை எரித்தார்கள். அணை கட்டின நிலம் 1760இல் நியூ இங்கிலாந்தில் இருந்து வந்தவர்களுக்குப் போனது. 2012இல் யுனெஸ்கோ இந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக்கியது.

மகள் கேட்டாள், "அவை திரும்பி வந்தவையா?"

"கொஞ்சப் பேர் இந்தப் பக்கங்களுக்கு வந்தவை, ஆனா அவையின்ரை காணி அவைக்குக் கிடைக்கேல்லை," என்றேன். அப்போது என் அம்மா மெதுவாகத் தொடங்கினார். 1995 ஒக்டோபர் 30, வலிகாமம், மழை, நாவற்குழிப் பாலத்தில் சனநெரிசல், தன்ரை அம்மா கையில் ஒரு பையோடு நடந்தது. அம்மா அப்போது கனடாவில். செய்திக்காக எத்தனை நாள் போனுக்குப் பக்கத்தில் இருந்தார் என்பதை நானே அன்றுதான் கேட்டேன். ஸ்காபரோவில் இருந்தபோது இந்தக் கதைக்கு நேரம் வரவில்லை. அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை, அதனால் யாரும் சொல்லவில்லை.

இந்த ஊர் எங்களுக்கு எல்லாம் தந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மச்சான்மாரின் பிறந்தநாள்கள் வீடியோவில் போகின்றன. பெப்ரவரி நீளமாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகளோடு புதுச் சின்ன ஊருக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரு யோசனை உண்டு. அந்த ஊரின் மண்ணும் தண்ணீரும் எப்படி இயங்குகின்றன, அங்கே முதல் யார் இருந்தார்கள் என்பதைத் தேடிப் பாருங்கள். அதைத் தமிழில் பிள்ளைக்குச் சொல்லப் பாருங்கள். சொல் இல்லாத இடத்தில் ஊருக்கோ தாத்தாவுக்கோ போன் எடுங்கள். அவர்களுக்கும் சொல்ல ஏதோ கிடைக்கும்.

வந்து பார்க்க விருப்பமானால் மே கடைசி, ஜூன் தொடக்கம் நல்லது, அப்பிள் பூக்கிற காலம். சேற்றில் இறங்க முதல் பெருக்கு நேர அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கினால் கெதியாக ஏறும். நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிசம் பிந்தும். எங்கள் வீட்டில் அதை ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டுவது மகளின் வேலை. ஒரு பக்கம் "வற்று", மற்றப் பக்கம் "பெருக்கு". றகரம் இன்னும் கொஞ்சம் சரிந்துதான் நிற்கிறது.