தலைவரின் நிழல்

ஒரு நிறுவனத்துள் நுழைகையில், வாயிற்காவலர் ஏழையிடம் எத்தகைய தொனியில் பேசுகிறார் என்பதையே நாம் முதலில் கவனிப்பது வழக்கம். அந்தத் தொனி பெரும்பாலும் தலைவரிடமிருந்தே இறங்கி வருகிறது.

அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976ஆம் ஆண்டு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளுடன் தொடங்கினார். இளமையிலேயே முடக்குவாதம் அவருடைய விரல்களைக் கோணலாக்கியிருந்தது. அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்து முடித்தார். அவர்முன் நின்று, 'எனக்குக் களைப்பாயிருக்கிறது' என்று சொல்ல எந்த இளம் மருத்துவருக்கு நா எழுந்திருக்கும்!

கட்டணம் செலுத்துவோரின் பணத்தைக் கொண்டே இயலாதோருக்கும் அங்கே சிகிச்சை நடக்கிறது. இதை அநேகர் அறிவர். நம்மை வியப்பிலாழ்த்துவது மற்றொன்று: மருத்துவர்கள் இரு பிரிவுகளிலும் முறைவைத்து மாறி மாறிப் பணியாற்றுகின்றனர். இன்று வசதி படைத்தவருக்கு அறுவை செய்யும் அதே கை, நாளை கூலித் தொழிலாளிக்கும் செய்யும். கருணையைப் பற்றிப் பேசியதோடு நில்லாமல், அதைப் பணிப்பட்டியலிலேயே ஏற்றிவிட்டார் அந்த மனிதர். 2006ஆம் ஆண்டு அவர் மறைந்தார், பட்டியல் மறையவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு கல்விச் சங்கம் உண்டு. பெயர் வேண்டாம். அதன் தலைவர் தர்மசீலர். ஜகாத்தைத் தவறாது கொடுப்பவர். ஆயினும் கேள்வி கேட்பாரைக் கண்டால் முகம் சுளிப்பார். விருந்தினராய் நாம் சென்றிருந்த கூட்டமொன்றில், உதவித்தொகைப் பட்டியலில் ஒரு விதவையின் மகன் பெயர் விடுபட்டதேன் என்று ஓர் இளைஞர் பணிவாக வினவினார். "தம்பி, நீங்க நேத்து வந்தவங்க" என்றார் தலைவர். அவை சிரித்தது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன்பின் அங்கே கணக்குக் கேட்க ஒருவரும் எழவில்லை என்று கேள்வியுற்றோம். எழுத்தரும் தலைவரின் முகக்குறிப்பை நோக்கியே விண்ணப்பங்களை வாங்கப் பழகிக்கொண்டாராம். அந்தப் பையன் படிப்பை விட்டு, இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறான்.

வரும் ஷவ்வாலில் அச்சங்கத்திற்குப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். வணிகப் பெருமக்கள் இருவரின் பெயர்கள் அடிபடுகின்றன. யார் எவ்வளவு நன்கொடை தருவார் என்பதே ஊர்ப் பேச்சு. அன்று எழுந்து வினவிய இளைஞரைச் செயற்குழுவில் தம் அருகே அமர்த்திக்கொள்ள இவ்விருவரில் எவர் சம்மதிப்பார் என்பதைத்தான் நாம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.