கண்விழித்த பெருமை

குலத்தை எண்ணிப் பெருமை கொள்வார் சிலர். காணி பூமியை எண்ணிப் பெருமை கொள்வார் சிலர். எமக்கு அவ்விரண்டும் அதிகம் வாய்க்கவில்லை. ஆகவே நாம் கண்விழிப்பை எண்ணிப் பெருமை கொண்டோம். ஐந்து மணித்தியால நித்திரை எமக்குத் தாராளம் என்று ஆசிரியர் அறையிலே நாம் சொல்லும்போது, சக ஆசிரியர்கள் தேநீர்க் கோப்பையை வாயருகே நிறுத்தி எம்மை வியப்புடன் நோக்குவார்கள். அந்த நோக்கிலே எமக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றிலே உயர்தர வகுப்பு மாணாக்கருக்குத் தமிழும் இந்து நாகரிகமும் கற்பிப்பது எமது தொழில். விடியற்காலை 4 மணிக்கு எழுவோம். 5.30 மணிக்கு இணுவிலில் உள்ள எமது வீட்டு விறாந்தையிலே தனி வகுப்பு, 7.30 மணிக்குக் கல்லூரி. மாலையிலே நகரத்துக் கல்வி நிலையம் ஒன்றில் இரவு 8.30 மணிவரை பாடம். வீடு திரும்பி, உணவருந்தி, விடைத்தாள் திருத்திப் படுக்கும்போது 11 மணியாகிவிடும். "இப்படி எத்தனை நாளைக்கு?" என்று எமது மனைவியார் கேட்பார். வீடு கட்டிய கடன் தீரும்வரை என்போம்.

ஒருநாள் கல்லூரியிலே முதலாம் பாடவேளை. திருக்குறளின் மடியின்மை அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், துயில் ஆகிய நான்கையும் கெட்டழிவோர் விரும்பி ஏறும் மரக்கலங்கள் என உரையாசிரியர் விரித்துரைக்கும் குறளுக்கு வந்தபோது, கடைசி வாங்கில் இருந்த மாணாக்கன் ஒருவன் மேசையிலே தலை சாய்த்து உறங்குவதைக் கண்டோம். அவனை எழுப்பி நிறுத்தி, அக்குறளையே சொல்லச் செய்தோம். வகுப்புச் சிரித்தது. அவன் கண்கள் சிவந்திருந்தன. மறுவார்த்தை பேசாமல் குறளைச் சொல்லிவிட்டு அமர்ந்தான். அன்று விடியற்காலை எமது விறாந்தை வகுப்பிலே முதல் ஆளாக வந்து இருந்தவனும் அவனே என்பது அவ்வேளையில் எமக்குத் தோன்றவேயில்லை.

சில வாரங்களின் பின் எமக்கும் ஒரு பாடவேளை வந்தது. நகரத்திலே வகுப்பை முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் காங்கேசன்துறை வீதியால் வந்துகொண்டிருந்தோம். நேரம் இரவு 9 மணியளவு. கொக்குவிலைக் கடந்தது எமக்கு நினைவில்லை. அடுத்து நாம் அறிந்தது, மோட்டார் சைக்கிள் ஒருபுறமும் நாம் ஒருபுறமுமாக வீதியோரத்து வேலியடியிலே கிடந்தமையேயாகும். அயல் வீட்டிலிருந்து ஓடிவந்த முதியவர் ஒருவர் எம்மைத் தூக்கி இருத்தித் தண்ணீர் தந்தார். பின்னர், தயங்கித் தயங்கி, "மாஸ்ரர், கோவிக்காதேங்கோ, கொஞ்சம் குடிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். பிறந்த நாள் முதல் மதுவைத் தீண்டாத எமக்கு முழங்காலின் நோவைவிட அக்கேள்வியே அதிகம் நொந்தது.

ஆயினும் அப்பெரியவர் கேட்டதிற் பெரும்பிழை இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். 1997ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று, தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் கையும் கருத்தும், 100 மில்லிலீற்றர் குருதியில் 50 மில்லிகிராம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றன எனக் காட்டியது. வாகனம் செலுத்துவோருக்குப் பல நாடுகளிலே சட்டம் விதித்திருக்கும் எல்லை அதுவே. 4 மணிக்கு எழுந்த நாம் இரவு 9 மணிக்குச் சரியாக 17 மணித்தியாலம் விழித்திருந்தோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் 3 செக்கன் கண்ணயர்ந்தால் 33 மீற்றர் தூரத்தைக் குருடராகவே கடக்கின்றார். வேலிக்குப் பதிலாக அவ்விடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? அந்நினைவு இன்றும் எம்மை நடுக்குகின்றது.

முழங்காலுக்கு மருந்து கட்டிய வைத்தியர் குருதியமுக்கத்தையும் அளந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினார். எத்தனை மணித்தியாலம் நித்திரை என்று வினவினார். பழைய பெருமையோடு ஐந்து என்றோம். அவர் எம்மை விட்டுவிட்டு எமது மனைவியாரை நோக்கி, "இவர் குறட்டை விடுவாரோ? இடையிலே மூச்சு நின்று, பிறகு திணறி எழும்புறவரோ?" என்று கேட்டார். குறட்டை உண்டு, மூச்சு நிற்பதில்லை என்றார் அவர். அவ்வாறு மூச்சுத் தடைப்படுமாயின் அதனைச் சாதாரண குறட்டை என்று விட்டுவிடலாகாது என்றும், உறக்கத்திலே தொண்டையின் காற்றுவழி அடைபட்டுக் குருதியில் ஒட்சிசன் குறையும் நோய் அதுவாக இருக்கலாம் என்றும், இதயத்துக்கும் அது தீங்கு செய்யும் என்றும் வைத்தியர் விளக்கினார். எமக்கு அந்நோய் இல்லை. எமது நோய் நாமே தேடிக்கொண்டது.

நித்திரையை நாம் வெறும் ஓய்வு என்று எண்ணியிருந்தோம். உண்மையில் உடல் அப்போதுதான் தன் வீட்டுவேலைகளைச் செய்கின்றது. ஆழ்ந்த உறக்கத்திலே குருதியமுக்கம் தணிந்து இதயம் இளைப்பாறுகின்றது. வளர்ச்சி ஓமோன் மிகுதியாகச் சுரக்கின்றது. பகலிற் கற்றவை நினைவிலே படிகின்றன. உறக்கம் தொடர்ந்து குறையுமாயின் பசி மிகும், குருதியிற் சீனி ஏறும், நோயை எதிர்க்கும் ஆற்றல் தளரும். 2009ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே 153 பேரின் மூக்கினுள் தடிமன் கிருமியை இட்டுப் பார்த்தார்கள். 7 மணித்தியாலத்துக்குக் குறைவாக உறங்கியோர், 8 மணித்தியாலமோ அதற்கு மேலோ உறங்கியோரிலும் ஏறக்குறைய மும்மடங்கு எளிதாகத் தடிமன் கொண்டனர்.

இவை எல்லாவற்றிலும் எம்மை அதிகம் வெட்கச் செய்தது வேறொன்று. 2003ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்விலே 48 பேர் கலந்துகொண்டனர். சிலருக்கு இரவில் 4 மணித்தியாலமும், சிலருக்கு 6 மணித்தியாலமும், சிலருக்கு 8 மணித்தியாலமுமாக 14 நாட்கள் படுக்கை நேரம் வகுக்கப்பட்டது. 6 மணித்தியாலமும் அதற்குக் குறைவும் பெற்றவர்களின் கவனமும் நினைவும், ஓரிரு இரவுகள் முற்றாகவே விழித்திருந்தவர்களின் நிலைக்குத் தாழ்ந்தன. ஆனால் தாம் அவ்வளவு தாழ்ந்துவிட்டதை அவர்களிற் பெரும்பாலோர் உணரவில்லை! ஆகவே 'எமக்கு ஐந்து மணித்தியாலம் போதும்' என்று நாம் சொன்னது, நித்திரையின்மையால் மங்கிய அறிவு தனக்குத் தானே எழுதிக்கொடுத்த நற்சான்றிதழேயன்றி வேறில்லை. நித்திரை குறைந்தவன் தன் குறையைத் தானே அளக்க முடியாது. எம்மை அளந்தவர்கள் மனைவியாரும் அந்த முதியவருமே.

அக்குறளையும் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். வள்ளுவர் கடிந்தது மடியோடு கூடிய மிகுதுயிலையே. அந்நான்கனுள் மறதியும் ஒன்று. துயிலை அறவே விலக்கப் புகுந்த நாம் மறதி என்னும் மரக்கலத்தில் அல்லவா ஏறியிருந்தோம்! மிகுதியாக உறங்குவோனுக்கும் மிகுதியாக விழித்திருப்போனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையின் 6ஆம் அத்தியாயம் கூறுவதை ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லியும் வருகின்றோம். சொன்னவர் நாம், கேட்டவர் எவருமில்லை, நாம் உட்பட.

அந்த மாணாக்கனைத் தனியே அழைத்து விசாரித்தோம். இரவு வகுப்பு முடித்து, வீட்டுப்பாடம் எழுதிப் படுக்க 12 மணியாகும் என்றான். எமது வகுப்புக்காகச் சுன்னாகத்திலிருந்து துவிச்சக்கர வண்டியில் வருவதற்கு 4.30 மணிக்கு எழுகின்றான். அவனுடைய வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலம் வரை உறக்கம் வேண்டும் என்பது நித்திரை மருத்துவ அறிஞரின் கணிப்பு. அதுவுமன்றி, இளம்பருவத்திலே உறக்கத்தை அழைக்கும் மெலற்றோனின் இரவிலே பிந்தியே சுரப்பதால் அவர்களுக்கு நேரத்தோடு கண்ணயர்வதும் அரிது. அவனுடைய உறக்கத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பறித்தவர் நாம். அவன் உறங்கியபோது எழுப்பி நிறுத்திச் சிரிக்க வைத்தவரும் நாமே.

மறுநாள் அதே வகுப்பிலே அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, சேர்" என்றான். அன்று வகுப்புச் சிரிக்கவில்லை.

விறாந்தை வகுப்பைச் சனி, ஞாயிறு காலை 9 மணிக்கு மாற்றினோம். 22 பேரில் 13 பேரே எஞ்சினர். "விடியப் படிச்சால்தானே, மாஸ்ரர், மனத்திலை நிக்கும்?" என்று ஒரு தகப்பனார் தம் மகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார். இரவு வகுப்புகளிலும் இரண்டு நாட்களை விட்டுவிட்டோம். கடன் தீர இன்னும் சில ஆண்டுகள் கூடுதலாகச் செல்லும். இதனைக் கணக்கிட்டே செய்தோம்.

இப்பொழுது இரவு 10 மணிக்குப் படுத்து 5.30 மணிக்கு எழுகின்றோம். விடுமுறை நாளிலும் அதே நேரந்தான். பின்னேரம் 3 மணிக்குப் பின் தேநீரோ கோப்பியோ இல்லை. அவற்றிலுள்ள கபேயினிற் பாதியளவு ஐந்தாறு மணித்தியாலம் கழிந்தும் உடலிலே தங்கும். கைத்தொலைபேசி படுக்கையறைக்கு வெளியே உறங்குகின்றது. குருதியமுக்கம் தணிந்திருக்கின்றது, வைத்தியர் தந்த குளிசையும் எடுப்பதால் புகழ் முழுவதையும் நித்திரைக்கே கொடுக்க மாட்டோம். ஆனால் மாலையிலே கொக்குவில், தாவடி, இணுவில் என ஒவ்வொன்றாகக் கடந்து வருவது எமக்கு இப்போது நன்றாக நினைவிருக்கின்றது.

வாசகர்கள் தமக்கு எவ்வளவு நித்திரை போதும் என்பதைத் தம்மையே கேளாது, வீட்டில் உள்ளவரைக் கேட்டறிவார்களாக. இப்பக்கத்தை இரவு 10 மணிக்கு மேல் வாசித்துக்கொண்டிருப்பவர் எவரேனும் இருப்பின், எமது கட்டுரை இத்துடன் முடிந்தது. பத்திரிகையை மடித்து வைத்து விளக்கை அணைப்பாராக.