வண்டியின் இரட்டைக்கிளவி

கார் என்பது செல்வர்க்கே உரியது என்றிருந்த காலம் மலேசியாவில் மறைந்து நெடுநாளாயிற்று. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் சாலைக்கு வந்தபின், தோட்டத்தை விட்டுப் பெயர்ந்து பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் தாமான்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வாசல்களிலும் ஒரு வண்டி நிற்கலாயிற்று. ஏழு ஆண்டு, ஒன்பது ஆண்டு என நீளும் தவணைக் கடனில் வாங்கப்பட்ட வண்டி அது. வீட்டிற்கு அடுத்தபடியாக அக்குடும்பம் ஏற்றுக்கொண்ட பெருங்கடனும் பெரும்பாலும் அதுவே. எனினும், கூரை ஒழுகினால் ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் குடும்பத் தலைவர், வண்டியின் பானட்டைத் திறந்து பார்க்க ஆண்டுக்கொரு முறையேனும் முற்படுவதில்லை. அது போர்மனின் வேலை என்று இருந்துவிடுகிறார். பழுது பார்ப்பவரைப் போர்மன் என்றே இந்நாட்டார் அழைப்பர்.

பட்டறைக்கு வரும் தமிழாசிரியர் ஒருவரைச் சற்று நோக்குவோர்க்கு இவ்வுரையாடல் புதிதன்று.

“வண்டியில சத்தம் வருது தம்பி.”

“என்னா சத்தம் சார்?”

“ஒரு மாதிரியா வருது.”

“எப்ப வருது சார்?”

“ஓட்டும்போதுதான்.”

போர்மன் சிரிப்பதில்லை, பழகிப்போன விடை அது. வண்டியைத் தாமே ஓட்டிப் பார்க்கிறார். அன்று பார்த்து வண்டி வாய் திறப்பதில்லை. பின்னர் ஊகத்தின் பேரில் ஏதோ ஒன்று மாற்றப்படுகிறது, பணம் கைமாறுகிறது, மறுவாரம் அதே சத்தம் மீண்டும் கேட்கிறது. போர்மன் ஏமாற்றிவிட்டார் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழுகிறது. ஏமாற்றுவோரும் உளர் என்பது மெய்யே. ஆயினும், நோயாளி வயிற்றைக் காட்டாமல் ‘ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவர்தான் என்ன செய்வார்?

வியப்பு யாதெனில், ஓசையைச் சொல்லால் பிடிப்பதில் தமிழுக்கு நிகரான மொழிகள் சிலவே. கடகட, தடதட, சடசட, நறநற என இரட்டித்து நின்றே பொருள் தரும் சொற்களை இரட்டைக்கிளவி என்று வகுத்து, பிரித்தால் பொருள் தாரா என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிப்பவர் அதே ஆசிரியர்தாம். வகுப்பறையில் பத்து எடுத்துக்காட்டு எழுதிப்போடும் கை, பட்டறையில் ஒன்றையும் எடுத்து வழங்குவதில்லை. ஈண்டு அவ்வோசைகள் சிலவற்றை வண்டியோடு பொருத்திக் காண்பது பயனுடையது.

முதலில் நறநற. பிரேக்கை மிதிக்கும்போது பல்லைக் கடிப்பது போன்ற இவ்வோசை எழுமாயின், வண்டியை அன்றே பட்டறையில் விடவேண்டும். பிரேக் பேடின் உராய்வுப் பொருள் தேய்ந்து தீர்ந்து, இரும்பு இரும்பைக் கடிக்கிறது என்பதே அதன் பொருள். இதற்குச் சில வாரங்கள் முன்னரே ‘கிறீச்’ என்ற மெல்லிய ஓசை கேட்டிருக்கும். பல வண்டிகளில் பேடின் ஓரத்தில் ஒரு சிறு தகட்டை இதற்கெனவே பொருத்தியிருப்பர்; பேட் தேய்ந்ததும் அத்தகடு வட்டை உரசிக் கூவும். கிறீச்சிடும் நிலையில் சென்றால் பேடை மாற்றினால் போதும். நறநறக்கும் நிலையில் சென்றால் வட்டும் அரிக்கப்பட்டிருக்கும்; செலவு பன்மடங்காகும். செலவுகூடப் பெரிதன்று. கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு வளைந்து வளைந்து இறங்கும் சாலையில், பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்க, கால் மிதிக்கும் மிதியை நம்பியே ஐந்து உயிர்கள் செல்கின்றன. அவ்விறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு ஓட்டவேண்டும். ஓயாது மிதிக்கப்படும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தானியங்கிக் கியர் வண்டியிலும் அதற்கென எல் என்றோ 2 என்றோ ஓரிடம் இருக்கிறது. அதைத் தொட்டும் பாராதவர் மிகப் பலர்.

அடுத்தது, ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்துத் திரும்பும்போது மட்டும் எழும் ‘கடக் கடக்’. முன்சக்கரங்களே இழுக்கும் சிறு கார்களில் எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்லும் தண்டின் வெளிமூட்டு தேய்ந்தமைக்கு இஃது அடையாளம். அம்மூட்டைக் காத்து நிற்பது கிரீஸ் அடைத்த ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் தெறித்து வெளியேறும்; மணலும் நீரும் உட்புகும். கிழிசல் கண்ணிற்படும் பொழுதே உறையை மட்டும் மாற்றிவிட்டால், மூட்டு பிழைத்துக்கொள்ளும்.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழலாமல் ‘சடசட’ என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் பேட்டரி சோர்ந்துவிட்டது. வெப்ப நாட்டில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தளர்வதைக் கண்டு எவரும் மனம் வருந்த வேண்டுவதில்லை. ஆனால், மாற்றுவதற்குமுன் அதன் முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடியைத் துடைத்து, கவ்விகளை இறுக்கிப் பார்ப்பது நன்று. சில பேட்டரிகள் குற்றமின்றியே தண்டிக்கப்படுகின்றன. மேடுபள்ளத்தில் எழும் ‘தடதட’, அடிப்பாகத்து ரப்பர் புஷ்களோ அதிர்வுதாங்கியோ தேய்ந்ததைக் கூறும். வேகம் கூடக்கூட வண்டின் ரீங்காரம் போல் வளரும் ஓசை சக்கரத்தின் பேரிங்கைச் சுட்டும். டயர் ஒழுங்கின்றித் தேய்ந்திருந்தாலும் அவ்வாறே ஒலிக்குமாதலின், இவ்விரண்டையும் பிரித்தறிதல் போர்மனின் பொறுப்பு.

ஓசையின் பெயரோடு அதன் வேளையும் சேர்ந்தால்தான் சொல்வது முழுமை பெறும். காலைக் குளிரில் வருகிறதா, சூடேறிய பின்பா? திரும்பும்போதா, மிதிக்கும்போதா? எந்த வேகத்தில், எந்தப் பக்கத்திலிருந்து? இவற்றை ஒரு துண்டுத் தாளில் குறித்துச் செல்லும் ஒருவரிடம் எந்தப் போர்மனும் ஊகத்தின்பேரில் பொருள் மாற்றத் தயங்குவார். கழற்றிய பழைய பொருளைக் காட்டுமாறு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் நாகரிகக் குறைவன்று.

இனி, ஓசையே எழுப்பாத குறைகள் உள. அவையே மிகவும் அஞ்சத்தக்கன. அவற்றுள்ளும் டயர் முதன்மையானது.

ஒரு காரைச் சாலையோடு பிணைத்து வைத்திருப்பவை, ஏறத்தாழ உள்ளங்கை அகலமே உள்ள நான்கு இடங்கள். தீபாவளிக்கு முந்திய நாள் கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கோ தைப்பிங்கிற்கோ சுங்கை பட்டாணிக்கோ புறப்படும் குடும்பம், பலகாரப் பெட்டியையும் துணி மூட்டையையும் அடுக்கி, ஐவரை ஏற்றி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிர்வதால் சூடேறுகிறது. சூடேறிய ரப்பர், உள்ளிருக்கும் இழைகளிலிருந்து பிரிகிறது. பிடோரைக் கடக்கும்போதோ கோப்பேங்கைக் கடக்கும்போதோ அது வெடித்தால், ஓட்டுநரின் திறமைக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை.

ரப்பரைப் பற்றித் தமிழருக்குப் பிறர் சொல்லித் தருவது சற்றே விந்தையானது. 1877ஆம் ஆண்டில் வந்திறங்கிய முதற் கன்றுகளின் வழியில் நின்ற மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் போற்றப்படுகிறது. வடக்கே செல்லும் நெடுஞ்சாலை அவ்வூரை ஒட்டித்தான் போகிறது. அம்மரத்தின் இனத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சீவிப் பாலெடுத்தவர்கள் விடியுமுன்னே காண்டா விளக்குடன் நிரைக்குப் போனார்கள். குளிர்ந்த வேளையில்தான் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்கு வடியும். டயரின் காற்றையும் விடியற்பொழுதிலேயே, வண்டி ஓடிச் சூடேறுமுன் அளக்கவேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. காரணம் வேறாயினும் வேளை ஒன்றே. ஓடிய டயரில் சூட்டினால் காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும்; அதை நம்பினால் குறை மறைந்துபோகும். மிகுதியாக இருக்கிறதே என்று சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடுவதோ அதனினும் தவறு.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதப்பட்டிருக்கும். ஆளும் சுமையும் நிறைந்த பயணத்திற்குத் தனி அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றவேண்டும். பெட்ரோல் நிலையக் கருவி பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும். 32 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 220 கிலோபாஸ்கல். பூட்டில் கிடக்கும் ஐந்தாம் டயரையும் அளந்து வைக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் எவரும் தொடாத டயர் அது. நடுச்சாலையில் இறக்கிப் பார்க்கும்போது அதுவும் தரையோடு தரையாகக் கிடக்கும்.

தேய்மானத்தை அறியத் தனிக் கருவி வேண்டுவதில்லை. பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. டயரின் மேற்பரப்பு அம்மேடுகளோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டராகிவிட்டது. அதுவே சட்டம் பொறுக்கும் எல்லை. ஆயினும் மாலைதோறும் கொட்டித் தீர்க்கும் இந்நாட்டு மழையில், எல்லையைத் தொடும்வரை காத்திருப்பது துணிவாகாது. நீரை வழித்து வெளியேற்றும் ஆழம் இல்லாத டயர், நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங் பஞ்சு போல் இலேசாகும். வயதும் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமல் நின்றாலும் வெயிலில் ரப்பர் முதுமையடையும். பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று பழைய டயரைக் குறைந்த விலைக்கு வாங்குவோர், பக்கச் சுவரின் வெடிப்புகளை விரலால் தடவிப் பார்த்திருப்பரேல் பணத்தைக் கொடுத்திரார்.

சூடும் ஓசையின்றியே வளர்வது. கட்டணச் சாவடிக்கு முன் வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று இல்லை. மின்விசிறி ஒன்றே துணை. அது சுழலாவிடில் சூட்டுமுள் மேலேறும். முள் ஏறுவதைக் கண்ட உடனே குளிர்சாதனத்தை நிறுத்தி, ஓரமாக ஒதுங்கி, எஞ்சினை அணைத்துவிடவேண்டும். ‘அடுத்த ஓய்விடம் இரண்டு கிலோமீட்டர்தானே’ என்ற எண்ணம் எத்தனையோ எஞ்சின்களைக் கொன்றிருக்கிறது. சில பத்து வெள்ளி பெறும் குழாய் ஒன்றின் ஒழுக்கு, அவ்விரண்டு கிலோமீட்டரில் எஞ்சினின் மேற்றலை வளைந்து சில ஆயிரம் வெள்ளிச் செலவாக முடிகிறது. அணைத்தபின் ரேடியேட்டர் மூடியைத் தொடலாகாது. அழுத்தத்தால் நூறு பாகைக்கு மேலும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த அக்கணமே ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமேனும் ஆறவிடவேண்டும்.

இந்நாட்டுப் பட்டறைகளில் நிலவும் பழைய நம்பிக்கை ஒன்றும் உண்டு. வெப்ப நாட்டிற்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடுவர். எஞ்சின் அதற்குரிய சூட்டில் இயங்கினால்தான் எரிபொருள் செவ்வனே எரியும், தேய்மானமும் குறையும். அச்சூட்டைக் காப்பதற்கே அக்கருவி. பழுதானால் மாற்றவேண்டுமே தவிர அகற்றலாகாது. வெறுங் குழாய் நீரை ஊற்றி வருவதும் இத்தகையதே. உட்புறம் துருவேறி நுண்குழாய்கள் அடைபடும். கையேடு சொல்லும் குளிர்ப்பு நீர்மமே வேண்டும். அது நஞ்சு; சுவையோ இனிப்பு. சிறுவரும் வீட்டு நாயும் அணுகாத இடத்தில் வைக்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கென்றே உரிய குறை ஒன்றையும் குறிப்பிடவேண்டும். பள்ளி மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். காலையில் போவதும் பிற்பகலில் வருவதுமே வண்டியின் வேலை. ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஆவதில்லை. ஆகவே எண்ணெய் மாற்ற வேளை வரவில்லை என்று இருந்துவிடுகின்றனர். எஞ்சின் முழுச் சூட்டை அடையுமுன்னே அணைக்கப்படுவதால், உள்ளே படியும் நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேறாமல் எண்ணெயிலேயே கலந்து கிடக்கின்றன. இத்தகைய வண்டிக்குக் கிலோமீட்டரைவிட நாட்காட்டியே கணக்கு; பல கையேடுகள் ஆறு மாதம் என்கின்றன. எண்ணெய் அளவுகோலைச் சமதரையில், எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து உருவிப் பார்க்கவேண்டும். எண்ணெய் பாலூற்றிய தேநீர் நிறத்தில் இருந்தால், நீர் உள்ளே கலக்கிறதோ என ஐயுறவேண்டும்.

நீர் என்றவுடன் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வண்டிகள் கூரைவரை மூழ்கிக் கிடந்ததை இந்நாட்டார் மறந்திரார். வெள்ளம் வடிந்ததும் உரிமையாளர் செய்யும் முதற் செயல், ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்புவது. செய்யவே கூடாத செயலும் அதுவே. காற்றைப் போல் நீர் அமுங்குவதில்லை; சிலிண்டரில் நீர் நிற்க எஞ்சின் சுழன்றால் உள்தண்டு வளைந்துவிடும். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் செல்லச் சொல்வதே முறை. இழப்பைக் காப்புறுதி ஈடுசெய்யும் என்று நம்பியிருந்தோர் பலர், முழுக் காப்புறுதி என்ற பெயரில் வெள்ளம் தானாக அடங்குவதில்லை என்பதைப் பின்னரே அறிந்தனர். அதற்கெனக் கூடுதல் தொகை செலுத்திச் சிறப்பு இடர்க் காப்பைச் சேர்த்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் சாலை வரியோடு காப்புறுதியைப் புதுப்பிக்கும் நாளில் முகவரிடம் அதனைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.