என் வண்டியும் அந்த 'டங்' சத்தமும்

போன வாரம் நண்பர் ஒருவர் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டார். "உன்கிட்ட ஒண்ணு இருந்ததே, எப்படி உழைச்சது?" என்றார். அதைச் சொல்லப் போய், அந்த வண்டியால் நான் ஒரு பையனுக்குச் செய்த அநியாயத்தையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

2009இல் ஓய்வு பெற்ற கையோடு அந்த டீசல் வண்டியை வாங்கினேன். 2004ஆம் வருடத்து வண்டி, எனக்கு முன்னால் ஒருவர் ஓட்டியது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பாகூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போகும் மண் ரோட்டில் சாதாரண கார் இறங்கினால் மாட்டைக் கட்டித்தான் இழுக்க வேண்டும். அதுதான் காரணம்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததை நம் ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். புயல் ஓய்ந்து, ரோட்டில் விழுந்த மரங்களை ஓரளவு அகற்றிய பிறகு நிலத்தைப் பார்க்கப் போனேன். முழங்கால் சேறு. இரண்டாவது கியர் கம்பியை இழுத்து நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தேன். வண்டி யானை மாதிரி ஏறி வந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கம்பி மேல் அசாத்திய நம்பிக்கை. அடுத்த வருடம் முதல், மழை ஆரம்பித்தால் அதைப் போட்டுவிடுவேன். பொங்கல் கழிந்துதான் எடுப்பேன். தார் ரோடோ சேறோ, எல்லாவற்றுக்கும் அதே. பாதுகாப்பு என்று நினைப்பு.

இரண்டு வருடத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. தெருமுனையில் திருப்பினால் ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும், டயர் கீச்சென்று கத்தும். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று மாற்றினார்கள். பில் நீளமாக வந்தது, சத்தம் அப்படியே இருந்தது.

பிறகு முதலியார்பேட்டைப் பக்கம் புதிதாகக் கடை போட்டிருந்த ஒரு பையனிடம் போனேன். முப்பது வயது இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, "சார், முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்ல ஜாயின்ட் ஆடிப்போச்சு" என்றான். 2015 பிப்ரவரியில் புதுசு மாற்றினான். சத்தம் நின்றது. எனக்குப் பரம திருப்தி.

அந்த வருடம் நவம்பரில் பெய்த பேய்மழை உங்களுக்கு நினைவிருக்கும். 2016 ஜனவரியில் மறுபடியும் 'டங்'.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. நேரே அவன் கடைக்குப் போனேன். மூன்று நான்கு பேர் வண்டியை விட்டுவிட்டு நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "டூப்ளிகேட் சாமான் போட்டு ஒரிஜினல் காசு வாங்கிட்டியே தம்பி" என்று கத்தினேன். அவன் உள்ளே போய்ப் பழைய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து வந்து, "ஒரிஜினல்தான் சார் போட்டேன்" என்றான். பெட்டியை யாரும் காட்டலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கடலூர் முதுநகரில் வயதான ஒரு பாய் இருந்தார். லாரி, ஜீப் வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். வண்டிக்கு அடியில் அவர் குனியக்கூட இல்லை. "சத்தம் எந்த மாசத்துல வருது சார்?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை எந்த மெக்கானிக்கும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். எப்போதும் மார்கழி, தைதான்.

"ஓட்டுங்க, பக்கத்துல உக்காரறேன்" என்றார். கிளம்பியதும் டேஷ்போர்டில் மஞ்சளாக எரிந்த சின்ன விளக்கைத் தொட்டுக் காட்டினார். "இங்க எங்க சார் சேறு?"

பிறகு சொன்னார்: "நெல்லு போரடிக்கிறத பாத்திருப்பீங்க. மாடுங்க வட்டமா சுத்தும்போது வெளி மாடு நிறைய நடக்கும், உள் மாடு நின்ன இடத்துலயே திரும்பும். ரெண்டும் ஒரே அளவு நடக்கணும்னா கழுத்து என்ன ஆவும்?"

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன, பின் சக்கரங்கள் சின்ன வட்டம். பள்ளியில் 'தெ பி எர்' என்று பிரெஞ்சில் ஒப்பித்த சுற்றளவுக் கணக்குதான். என் வண்டியில் அந்தக் கம்பியைப் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வித்தியாசத்தைச் சரிக்கட்ட நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோடு டயரை வழுக்க விடாது. அந்த முறுக்கு முழுவதும் ஜாயின்ட்டிலும் பல்சக்கரங்களிலும் போய் உட்காரும்.

பாய் என்னை நிறுத்தச் சொல்லி, நேராகக் கொஞ்ச தூரம் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். முறுக்கு விட்டதும், அதுவரை இறுகிக் கிடந்த கம்பி லேசாக வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து டேஷ்போர்டு அறையைத் திறந்தேன். பழைய சொந்தக்காரர் பாலிதீன் உறையில் போட்டு வைத்திருந்த கையேடு அங்கேயே கிடந்தது. காய்ந்த, கெட்டியான ரோட்டில் இதை உபயோகிக்காதீர்கள் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் ஃபைலைத் திருப்பி அனுப்பியே முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கியவன் நான். ஆறு வருடமாக அந்தப் புத்தகத்தைப் பிரிக்கவில்லை.

மறுநாள் முதலியார்பேட்டை போனேன். கடையில் அவன் மட்டும் இருந்தான். "தப்பு என் மேலதான் தம்பி, மன்னிச்சுக்கோ" என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். டீ வரவழைத்தான். "பரவால்ல சார். நீங்க போனப்புறம் ரெண்டு பேர் வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அதான் கஷ்டமாயிடுச்சு" என்றான். குரலில் கோபம் இல்லை. டீ எனக்கு உள்ளே இறங்கவில்லை.

அந்த இரண்டு பேர் யாரென்று அவனுக்கும் சரியாகத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய்ச் சொல்லியிருப்பேன். தெரிந்தவர்கள் வண்டியையெல்லாம் அவனிடம் அனுப்பிவைத்தேன். அதற்கு மேல் செய்ய வழியில்லை.

மறுபடியும் ஜாயின்ட் மாற்றியது அவன்தான். அதற்குப் பிறகு, வண்டியை விற்கும்வரை அந்தச் சத்தம் வரவில்லை.

நண்பரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். வாங்குவதற்கு முன் அந்தத் தம்பியிடம் காட்டுங்கள். வாங்கிய அன்றே கையேட்டைப் படியுங்கள்.