சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கசிவு

பழைய எம்ஜிபி ஒன்றை வாங்க வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். கதவுக்குக் கீழே துரு பிடித்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர் பின்சக்கரத்தின் உட்பக்கம் குனிந்து பார்ப்பார். டயரின் உள்விளிம்பில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், விலையைக் குறைத்துக் கேட்க அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் 10 அங்குல டிரம். பின் ஆக்சிலின் இரு முனைகளிலும் ஒரு பேரிங், ஒரு ஆயில் சீல். சீல் ஒழுகினால் கியர் ஆயில் டிரம்முக்குள் இறங்கி பிரேக் ஷூவை நனைக்கும். நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு முறை அழுத்திப் பிரேக் போட்டு லைனிங் சூடானதும், உள்ளே ஊறியிருந்த எண்ணெய் மேலே வந்துவிடும். ஷூவையும் மாற்றத்தான் வேண்டும்.

பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. கடைசியாக வந்த எம்ஜிபிக்கும் இப்போது 40 தாண்டிவிட்டது. 'ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் பிடிக்கவில்லையே' என்று வருடத்துக்கு ஒரு முறை கேட்க ஆள் இல்லை. காருக்குக் கிடைத்த சலுகை கசிவுக்கும் கிடைத்திருக்கிறது.

பேரிங் போனால் காதுக்கே தெரியும். வேகத்தோடு ஏறி இறங்கும் ஓர் உறுமல். ஆக்சிலரேட்டரை விடும்போதும் மிதிக்கும்போதும் அதன் குரல் மாறினால் டிஃபரன்ஷியல் மேல் சந்தேகப்படலாம். மாறாமல் இருந்தால் பேரிங்தான் என்று வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடினால், எடை ஏறும் இடப்பக்க பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் கூடு இணைப்பதால் சத்தம் அதன் வழியே இங்குமங்கும் ஓடும். நல்ல பேரிங்கைக் கழற்றிவிட்டு, கெட்டதை அப்படியே விட்டுவைத்த கதைகள் ஏராளம்.

இந்தக் காருக்கு ஆக்சில் இரண்டு வகை. ஆரம்பகால ரோட்ஸ்டர்களில் 'பேஞ்சோ'. 1965இல் வந்த, மூடிய கூரை கொண்ட ஜிடி வகையில் தொடக்கத்திலிருந்தே குழாய் வடிவ 'சாலிஸ்பரி'. 1967 வாக்கில் ரோட்ஸ்டரும் அதற்கு மாறியது. பேஞ்சோவில் ஹப் பேரிங் ஆக்சில் கூட்டின் மீதே உட்கார்ந்திருக்கும். காரின் எடையைப் பெரும்பாலும் கூடு தாங்கிக்கொள்ளும். ஆஃப் ஷாஃப்ட் என்னும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவதுதான் முக்கிய வேலை. கழற்றுவதும் சுலபம். சிக்கல் மாட்டும்போதுதான் வரும்.

புது பேரிங்கை இறக்கிய பிறகு, அதன் மேல் அமரும் ஸ்பேசர் வளையம், காகித கேஸ்கெட் போட்ட ஹப் முகப்பைவிட 0.001 முதல் 0.004 அங்குலம் வரை துருத்திக்கொண்டிருக்க வேண்டும். மில்லிமீட்டரில் சொன்னால் 0.025 முதல் 0.1. மேல் வரம்பே ஒரு வெள்ளைத்தாளின் கனம்தான். ஷாஃப்ட்டின் விளிம்பைத் திருகி இறுக்கும்போது அது பேரிங்கை நெருக்கிப் பிடிக்கவேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. யாராவது கசிவை நிறுத்துகிறேன் என்று தடித்த கேஸ்கெட்டை வெட்டிப் போட்டால், விளிம்பு கேஸ்கெட்டின் மீது அமர்ந்துவிடும். பேரிங் பிடிமானம் இழக்கும், ஹப் கண்ணுக்குத் தெரியாமல் ஆடும், சில காலத்தில் சீலும் போய்விடும். கசிவை அடைக்கப் போட்ட பொருளே கசிவைக் கொண்டுவருகிறது.

சாலிஸ்பரியில் பேரிங் ஆஃப் ஷாஃப்ட்டின் மேல் ஏறியிருக்கும். எடையைத் தாங்குவதும் சக்கரத்தைச் சுழற்றுவதும் அந்தத் தண்டின் தலையில். ஹப் நட்டுக்குக் கையேடு சொல்லும் இறுக்கம் 150 பவுண்டு-அடி: ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் 68 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்குவிசை. ஸ்ப்ளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. ஷாஃப்ட்டை வெளியே இழுக்க ஸ்லைடு ஹேமரும், பேரிங்கை மாற்ற பிரஸ்ஸும் வேண்டும். புது பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் உள்வளையத்தின் மீது மட்டும் விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும். வேல்ஸைச் சேர்ந்த ஃபிலிப் வாகன் 1794இல் வண்டி அச்சுக்காகவே பால் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். இத்தனை நூற்றாண்டு கழித்தும் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் ஆசை மட்டும் போகவில்லை.

சீல் விஷயத்தில் பலரும் பார்க்காமல் விடுவது அது உரசும் காலரை. ரப்பர் உதடு இரும்பைத் தேய்க்குமா என்று தோன்றும். தேய்க்கும். உதட்டில் ஒட்டும் தூசியும் இரும்புத் துகளும் ஆண்டுக்கணக்கில் சாணை பிடித்து, காலரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு கீறிவிடும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். அந்தக் கோட்டின் மேல் புதுச் சீலைப் பொருத்தினால் முதல் நீண்ட பயணத்திலேயே ஒழுகலாம். காலரையும் சேர்த்து மாற்றலாம்; இல்லையென்றால் அதன் மேல் ஏறும் மெல்லிய எஃகு உறை விற்கிறார்கள். சீலின் சுருள் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெயைப் பார்த்திருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடி பொருத்துவதும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

சீல், காலர், பேரிங் எல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் ஆக்சில் கூட்டின் மேல்புறம் உள்ள சிறு காற்றுத்துளையைப் பார்ப்பது நல்லது. ஓட்டத்தில் உள்ளே காற்று சூடாகி விரியும். சேறோ, துருவுக்காக அடித்த தார்ப்பூச்சோ துளையை அடைத்திருந்தால், அழுத்தம் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். ஒரு கம்பித் துண்டு போதும், திறந்துவிடலாம்.

எண்ணெய் அளவிலும் அவசரம் கூடாது. சாலிஸ்பரிக்கு வேண்டியது 0.85 லிட்டர்தான். அளவு பார்க்கும் பிளக் கூட்டின் பின்பக்கம் இருக்கிறது. பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கியபடி அது வழியும்வரை ஊற்றினால், காரை இறக்கியதும் உள்ளே அளவு கூடிப்போயிருக்கும். மிச்சம் வெளியேற வழி தேடும். முதலில் அகப்படுவது அப்போதுதான் போட்ட சீல். திட்டு வாங்குவது சீல் விற்ற கடைக்காரர்.